லாரி வருவதற்கு முன் அந்தக் கார்டுகளை ஒருமுறை புரட்டுங்கள்

எங்கள் பட்டணத்து அரசாங்கக் கிளினிக்கின் டாக்டர்மாருக்கும், நோயாளிகளின் பழைய கார்டுகளை அழிக்க அமைத்திருக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

மலாயில் எழுதிய மனு ஒன்றைப் போன வாரமே முன்மேசையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சாப்பும் அடித்து வாங்கிக்கொண்டேன். அது மரியாதையான ஒரு பக்கம். இது தமிழில், கொஞ்சம் நீளம். உங்கள் ஸ்டோரில் கிடக்கும் கார்டுகளில் பெரும்பங்கு இங்குள்ள தோட்டத்துச் சனங்களுடையவை. அவர்கள் சார்பில் நான் என்ன கேட்கிறேன் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டாமா? உங்களில் இரண்டு பேர் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்களுக்கு நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. நெகிரி செம்பிலானில், செம்பனைக்கும் மிச்சமிருக்கும் கொஞ்சம் பால்மரத்துக்கும் நடுவே ஒரே தெருவாக நீளும் பட்டணம் என்றால் போதும். பெயரைச் சொன்னால் எந்தக் கிளினிக் என்று தெரிந்துவிடும். யார் மேலும் குற்றம் சுமத்த எனக்கு ஆசை இல்லை. சுமத்தத் தொடங்கினால் முதலில் நிற்க வேண்டியவன் நான்தான். அந்தக் கதை கீழே வருகிறது.

விஷயம் இதுதான். கிளினிக் கம்ப்யூட்டருக்கு மாறுகிறது. கடைசி இரண்டு வருடத்து விவரங்களை மட்டும் ஏற்றிவிட்டு, வைத்திருக்க வேண்டிய காலம் கடந்த பெட்டிகளை வருகிற வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றி, தாளை நறுக்கும் இடத்துக்கு அனுப்பப் போகிறீர்கள். 2003-ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, அரசாங்க ஆவணம் எதையும் காப்பகத்தின் அனுமதி இல்லாமல் அழிக்க முடியாது. அந்த அனுமதியை முறையாக வாங்கியிருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்பது மூன்று மாத அவகாசம். பெட்டிகளைப் பத்திரப்படுத்தி வைக்கக் கேட்கவில்லை, வாசிக்கக் கேட்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது, உங்கள் நோயாளிகளுக்குத் தெரியும். 1975 முதல் 2008 வரை தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். தாளில் ‘ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட்’ என்று இருக்கும், லயத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே வாசலில் ஆள் நிற்கும். பாதிப் பேர் நோவுக்கு, பாதிப் பேர் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டுக்கு, சிலர் இரண்டுக்கும். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ட்ரீட்மெண்ட் புத்தகத்தைத் திறப்பேன். ஐந்து கட்டம்: தேதி, பெயர், செக்ரோல் என்ற சம்பளப் பட்டியல் எண், என்ன நோவு, என்ன மருந்து. வி.எம்.ஓ. டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை காரில் வருவார். சிக்கலான ஆட்களைப் பார்ப்பார், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், துரை பங்களாவில் டீ குடித்துவிட்டுப் போவார். மாதக் கடைசியில் நான் கூட்டிப் பார்த்து, காய்ச்சல் இத்தனை, வயிற்றுப்போக்கு இத்தனை, தோல் நோய் இத்தனை என்று ஒரு தாளில் எழுதி அனுப்புவேன். அந்தத் தாள் எங்கே போகும் என்று 33 வருடத்தில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பழைய கணக்கைப் புரட்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். இதை எங்கள் பயிற்சிக் காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நானே தேடிப் படித்தது.

நூறு வருடத்துக்கு முன்பு இந்த மண்ணில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் ஆளைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் நெஞ்சு நின்றுவிடும். அப்போது நெகிரி செம்பிலானில் அரசாங்க டாக்டராக இருந்தவர் லியோனார்ட் பிராடன். ஆஸ்பத்திரிக் கணக்குகளில் அவர் கண்ணில் பட்ட விசித்திரம் இது: ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கூட்டம் கூட்டமாக விழுகிறார்கள், தமிழ்க் கூலிகளை அந்த நோய் தொடுவதே அபூர்வம். கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே ஆஸ்பத்திரி. வேறுபட்டது சோறு. சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டி வெளுத்த பச்சரிசி. மலாய்க்காரர்கள் வீட்டில் அன்றன்று குத்திச் சமைத்தார்கள். நம் ஆட்கள் தின்றது புழுங்கலரிசி.

பச்சரிசிச் சோறு கிடைத்தால் மதிப்பு, புழுங்கல் என்றால் கூலிக்காரச் சோறு என்று என் அம்மாகூட நினைத்ததுண்டு. அந்தக் கூலிக்காரச் சோறுதான் நம் முப்பாட்டன்மாரைப் பெரிபெரியிலிருந்து காத்தது.

பிராடன் 1907-இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். ஆனால் காரணத்தைத் தவறாகச் சொன்னார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்பது அவர் முடிவு. கணக்கு காட்டிய வித்தியாசம் உண்மை, அதற்கு அவர் கொடுத்த விளக்கம் பொய். அதை யார் சோதித்துப் பார்ப்பது? கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் வில்லியம் பிளெட்சர் 1905-இலேயே நோயாளிகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் போட்டுப் பார்த்திருந்தார். பச்சரிசிப் பக்கம்தான் பெரிபெரி வந்தது, சாவும் அங்கேதான் விழுந்தது. 1909-இல் வெளியிட்ட ஆய்வில் டாக்டர்கள் பிரேசரும் ஸ்டாண்டனும் நம் ஜெலுபு பக்கம் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவாக்காரத் தொழிலாளர்களை வைத்து அதையே இன்னும் கறாராகச் செய்தார்கள். அரிசியை மாற்றினால் நோயும் கூட்டம் மாறியது. கடைசியில் குற்றவாளி நஞ்சு இல்லை, தவிட்டோடு போய்விடும் ஒரு சத்து என்று தெரிந்தது. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறீர்கள்.

அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஆட்களையும் ஜாவாக்காரர்களையும் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்று அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் எந்தக் கேள்வியைச் சோதிப்பது என்பதே ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ‘இனம்’ என்று ஒரு கட்டம் இருந்ததால்தான் கிடைத்தது. வெள்ளைக்காரன் அந்தக் கட்டத்தைப் போட்டது நம் மேல் இருந்த அக்கறையால் இல்லை. யாரிடம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்ற கணக்குக்காக. இருந்தாலும் கட்டம் இருந்தது.

கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1901-இல் அங்கே வந்தவர், மலேரியாக் கணக்குகளைத் தோட்டம் தோட்டமாக வைத்துப் பார்த்தவர். பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீக்கத்தையும் கணக்கெடுத்தார். கரையோரச் சமவெளியில் சதுப்பை வடித்துக் காட்டை வெட்டினால் காய்ச்சல் இறங்கியது. அதே வைத்தியத்தை மலைத் தோட்டத்தில் செய்தால் காய்ச்சல் ஏறியது. சமவெளிக் கொசுவுக்கு நிழலடைந்த சதுப்பு வேண்டும், மலைக் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடை வேண்டும். காட்டை வெட்டி ஓடைக்கு வெயிலைக் காட்டியதே மனிதர்கள்தான். கோலாலம்பூரில் சரியாக வேலை செய்யும் உங்கள் புதுக் கம்ப்யூட்டர் இங்கே வந்து உட்காரும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதை.

தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டம் முழுக்கப் பெண்கள். முதுகில் பம்பு, தலையில் துண்டு, காலில் கிழிந்த பூட்ஸ். அதில் ஒரு அக்கா, பெயர் வேண்டாம், அடிக்கடி வருவார். “டிரசரையா, ராத்திரி பூரா அரிப்பு. தூக்கமே இல்ல. அந்த ரோஸ் தண்ணிய குடுங்க.” கலாமைன் கொடுப்பேன். புத்தகத்தில் ‘அரிப்பு, கலாமைன்’ என்று எழுதுவேன். இன்னொரு நாள் மூக்கில் இரத்தம். பஞ்சு வைத்து அனுப்பினேன். இன்னொருவருக்கு நகம் கறுத்துப் பெயர்ந்தது. ஏதோ பூஞ்சை என்று களிம்பு. தலைசுற்றல் என்றால் பானடோல், ஒரு நாள் எம்.சி. எல்லாவற்றையும் எழுதினேன். அழகான கையெழுத்து என்று வி.எம்.ஓ. பாராட்டியும் இருக்கிறார்.

தோட்டம் கைமாறி ஆஸ்பத்திரியை மூடியபோது புத்தகங்களைக் கொளுத்தச் சொன்னார்கள். மனசு கேட்காமல் 11 புத்தகங்களை மைலோ பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மறு வருடம் கரையான் ஏறியதைப் பார்த்து வெயிலில் காயவைத்தேன். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த பழைய கிராணி ஒருவர், என் நண்பர், பொழுது போகாமல் வந்து உட்கார்ந்தார். எந்தக் கூட்டம் எந்த நாள் எந்தக் காட்டில் வேலை செய்தது என்று குறித்து வைத்த பாக்கெட் டைரிகள் அவரிடம் இருந்தன. விளையாட்டாகத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மருந்தடிப்பு நடந்த வாரங்களிலேயே அந்த அரிப்பும் மூக்கு இரத்தமும் வந்து நின்றன. அதே ஏழெட்டுப் பெயர்கள், அதே செக்ரோல் எண்கள். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அன்று இராத்திரி சோறு இறங்கவில்லை.

ஒவ்வொரு வரியும் என் கையெழுத்து. நான் எழுதியதை நானே வாசித்ததில்லை. மாதத் தாளில் ‘தோல் நோய்’ என்று கூட்டி எழுதியபோது, யாருக்கு என்ற விவரமெல்லாம் அதற்குள்ளேயே கரைந்து போனது. ஐந்து கட்டம் இருந்த புத்தகத்தில் ‘என்ன வேலை’ என்று ஆறாவது கட்டம் இல்லை. அதைக் கோடு போட்டுச் சேர்க்க எனக்கு ஒரு அடிக்கோல் போதும்.

இது நிரூபணம் இல்லை, அது எனக்குத் தெரியும். மருந்தடிப்பது வெயில் நாளில்தான்; வியர்வையிலும் அரிக்கும். எம்.சி.க்காக வந்தவர்களும் அதில் இருப்பார்கள். ஆனால் புல்லுக்கு அடிக்கும் பாரக்குவாட் மருந்து தோலையும் நகத்தையும் அரிக்கும், மூக்கில் இரத்தம் வரவைக்கும் என்பது உலகத்துக்குத் தெரிந்த விஷயம். நம் நாடு 2002-இல் அதற்குத் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நிறுத்தியது. அந்தப் பதினெட்டு வருட இழுபறியில் இரண்டு பக்கத்தாரும் ஆதாரம், ஆதாரம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். என் 11 புத்தகங்கள் முதலில் ஆஸ்பத்திரி அலமாரியிலும் பிறகு என் கட்டிலுக்கு அடியிலும் கிடந்தன.

இனி உங்கள் பக்கம் வருகிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். என் அக்காவுக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு. இந்த வட்டாரத்து அரசாங்கக் கிளினிக் ஒன்றில்தான் வருடக்கணக்காக மருந்து எடுத்தார். ஒரு ரிங்கிட் கட்டணம், பச்சைப் புத்தகம், காலை ஏழு மணிக்கு நம்பர். போன வருடம் சிறுநீரகம் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவருடைய புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். சிறுநீரகம் பழுதானால் ஏறும் கிரியேட்டினின் 92. அடுத்து 104. பிறகு 118, 137, 161. ஆறு வருடம், ஒன்பது விதமான கையெழுத்து. ஒவ்வொரு முறையும் ‘கொஞ்சம் கூடுதல், அதே மருந்தைத் தொடரவும், உணவுக் கட்டுப்பாடு அறிவுறுத்தப்பட்டது’. ஒவ்வொரு வரியும் அன்றைக்குத் தப்பில்லை. ஐந்து எண்ணையும் ஒரு விரலால் தொட்டு வந்திருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஏறுமுகம் தெரிந்திருக்கும். அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: “தம்பி, இந்தப் புத்தகத்த நான் எதுக்கு இத்தன வருசம் பிளாஸ்டிக் பையில சுத்திச் சுத்தி எடுத்துட்டுப் போனேன்?”

டாக்டர்மாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு காலையில் உங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தை நானும் பார்க்கிறேன். ஒப்பந்த டாக்டர்கள் வருகிறார்கள், ஊரின் முகம் பழகுவதற்குள் மாற்றலாகிப் போகிறார்கள். முன் பக்கத்தைத் திருப்ப நேரம் எங்கே? ஆனால் 2019 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்றும், இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு என்றும் வந்திருக்கிறது. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டணத்தில் அப்படிப்பட்ட புத்தகம் எத்தனை பிளாஸ்டிக் பைகளுக்குள் இருக்கும்!

இனிப்புநீர் நோயாளிகளுக்குத் தேசியப் பதிவகம் இருக்கிறது, 2009 முதல் வருடா வருடம் கிளினிக்குகளின் கார்டுகளில் ஒரு பங்கை எடுத்துத் தணிக்கை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நல்ல வேலை. அது கார்டுகளைக் குறுக்காக வாசிப்பது: இந்த வருடம் எத்தனை பேருக்குச் சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. கட்டுக்குள் இருக்கிறது, எத்தனை பேருக்குக் கண் பார்த்தார்கள் என்று. நான் சொல்வது நெடுக்காக வாசிப்பது. ஒரே ஆளை, பத்து வருடம். பழைய பெட்டிகள் லாரி ஏறினால் நெடுக்காக வாசிக்க இரண்டே வருடம்தான் மிஞ்சும். 137-உம் 161-உம் கம்ப்யூட்டரில் இருக்கும், 92 இருக்காது.

நம் நாட்டுக்கு இந்த வித்தை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிரசவத்தில் தாய் இறந்தால், 1991 முதல் ஒவ்வொரு சாவின் ஆவணத்தையும் எடுத்து, யார் பெயரும் இல்லாமல், யாரையும் தண்டிக்காமல், எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்று குழு உட்கார்ந்து வாசிக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பத் தாமதமா, வண்டி இல்லையா, இரத்தம் இல்லையா, பெரிய டாக்டருக்குச் சொல்லத் தாமதமா என்று அங்குலம் அங்குலமாக. நம் கர்ப்பிணிகளின் புத்தகத்தில் ஒட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளமும் அந்த ஜாதி யோசனைதான். சிவப்பைக் கண்டால் நர்ஸ் மிஸ்ஸி வேறு எதையும் யோசிக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. பிரசவ வார்டில் இதைச் செய்யத் தெரிந்த நாடு, சிறுநீரகம் போன ஒரு தோட்டத்துக் கிழவியின் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதே மாதிரி ஒரு மணி நேரம் உட்கார முடியாதா?

கம்ப்யூட்டருக்கு நான் எதிரி இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றைப் படித்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 13 வயதுப் பெண்பிள்ளை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. நூல்களில் பதில் இல்லை. ஜெனிபர் பிராங்கோவிச் என்ற டாக்டர், தங்கள் ஆஸ்பத்திரியிலேயே முன்பு இருந்த லூபஸ் பிள்ளைகள் 98 பேரின் ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் தேடினார். இந்தப் பிள்ளை மாதிரி இருந்தவர்களுக்கு இரத்தக்கட்டி வந்த விகிதம் அதிகம் என்று நான்கு மணி நேரத்துக்குள் தெரிந்தது. மருந்தைத் தொடங்கினார்கள். 2011-இல் இதை அவரே எழுதினார், இது முறையான சோதனைக்கு ஈடாகாது என்ற எச்சரிக்கையோடு. முன்னால் வந்து போன 98 பிள்ளைகள் பின்னால் வந்த ஒரு பிள்ளைக்குக் கை கொடுத்தார்கள்.

ஆனால் அதே அமெரிக்காவில் 1990-களில் நிமோனியா நோயாளிகளின் பழைய ஆவணங்களைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தபோது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நிமோனியாவில் சாகும் ஆபத்து குறைவு என்று அது கற்றுக்கொண்டது! காரணம் எளிது. ஆஸ்துமாக்காரர் நிமோனியாவோடு வந்தால் டாக்டர்கள் பயந்து நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டுக் கவனித்தார்கள், அதனால் பிழைத்தார்கள். கம்ப்யூட்டருக்குக் கிடைத்தது ‘பிழைத்தார்’ என்ற வரி மட்டும். அதை நம்பி ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

நம் கார்டுகளிலும் இப்படிப்பட்ட பள்ளங்கள் உண்டு, அவை எங்கே என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர்தான் உயிரோடு இருக்கிறோம். திங்கட்கிழமைக் காய்ச்சலில் பாதி ஞாயிற்றுக்கிழமை குடித்த சம்சு சாராயம். சம்பள வாரத்தில் யாருக்கும் நோவு வராது, வந்தாலும் கிளினிக்குக்கு வரமாட்டார்கள். அறுவடைக் காலத்தில் ‘கீழே விழுந்தார்’ என்று எழுதியிருந்தால், மேஸ்திரியான மண்டோர் பக்கத்தில் நின்றார், உண்மையைச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர். வெளிநாட்டார் கட்டணம் கட்ட முடியாமல் உங்கள் கிளினிக்குக்கு அவர்கள் வருவதே இல்லை. கார்டு இல்லாததால் நோய் இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும்.

யாருக்கு நோய் வரவில்லை என்பதும் ஒரு தகவல்தான். நம் புக்கிட் பெலாண்டோக் பக்கம் 1998, 1999-இல் மூளைக்காய்ச்சல் வந்தபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இங்கே படுத்தவர்கள் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரிய ஆண்கள், தடுப்பூசி போட்டவர்களும் அதில் இருந்தார்கள். பக்கத்தில் அதே கொசு கடித்த மலாய்க் கம்பத்தார் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். அது நிப்பா என்ற புது வைரஸ் என்று 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் கண்டுபிடிப்பதற்குள் பல உயிர் போய்விட்டது. நாட்டில் அதற்கு 105 பேர் பலி.

இன்னொரு சிக்கல், சிரிக்காமல் கேளுங்கள். உங்கள் ஸ்டோரில் ஒரே முனியம்மாவுக்கு மூன்று கார்டு இருக்கும். ஒன்றில் ஒரு ‘எம்’, ஒன்றில் இரண்டு, ஒன்றில் கடைசியில் ‘எச்’. பழைய ஏழு எண் அடையாளக் கார்டில் ஒரு பிறந்த தேதி, புதிய பன்னிரண்டு எண் கார்டில் இன்னொன்று. இரண்டும் யாரோ கிராணி உத்தேசமாகப் போட்டது. கல்யாணமாகி அடுத்த டிவிஷனுக்குப் போனால் அப்பா பெயர் இருந்த இடத்தில் புருஷன் பெயர். கம்ப்யூட்டர் மூன்று முனியம்மா என்று எண்ணும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் எழுதிய கார்டு ஸ்டோரில் இருக்கும், இன்று பென்சிலின் எழுதும் டாக்டரின் திரையில் வேறு முனியம்மா இருப்பார். மூன்றும் ஒரே ஆள் என்று சொல்ல எனக்கும், ஓய்வு பெற்ற நம் மிஸ்ஸி இரண்டு பேருக்கும் அரை நிமிடம் போதும்.

அந்தரங்கம் என்ற கேள்வி நியாயமானது. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது, அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. நகரத்தில் பெயரை அடித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார். இங்கே ‘மூன்றாம் லயத்துப் பூசாரியின் மருமகள்’ என்றால் போதும், ஊரே சொல்லிவிடும். அந்தக் கார்டுகளில் காசநோய் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன் கலைந்த கர்ப்பம் இருக்கிறது, பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று கோயில் கமிட்டியில் என் பக்கத்தில் உட்காருகிறார்கள். நான் வாயைத் திறந்ததில்லை, டிரசருக்கு அதுதான் முதல் பாடம். ஆனாலும் என் வார்த்தையை நம்பச் சொல்லவில்லை. சுகாதார அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்கு முறைப்படி விண்ணப்பியுங்கள். உங்கள் டாக்டர் ஒருவரே தலைமை தாங்கட்டும். கார்டுகள் உங்கள் கட்டடத்தை விட்டு வெளியே வர வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம், கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் உங்கள் முன்னிலையில் உட்கார்ந்து, எது யாருடைய கார்டு, எழுதாமல் விட்டது என்ன என்று சொல்வோம், எழுதிக்கொள்வது நீங்கள்.

எல்லாப் பெட்டியும் வேண்டாம். முதலில் இனிப்புநீர்க்காரர்கள். இன்று உங்களிடம் வருபவர்களின் பழைய எண்களை மட்டும் எடுத்து, முதல் நாளிலிருந்து ஒரு கோடாக ஏற்றுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களின் கார்டுகள் இரண்டாவது. பிறகு மருந்தடிப்பு வேலை செய்த பெண்கள். அவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது, பலருக்கு இப்போது 60-க்கு மேல். இருமல், மூச்சு, தோல் என்று வருகிறார்கள் என்றால், அவர்கள் முன்பு என்ன வேலை செய்தார்கள் என்று உங்கள் திரையில் ஒரு கட்டம் இருக்க வேண்டும். நான் போடாமல் விட்ட அந்த ஆறாவது கட்டம். மருந்தடித்த அந்த அக்காவிடம் போய் நானே சொல்லிவிட்டேன், என் புத்தகத்தில் என்ன இருந்தது என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நீங்க எழுதுனீங்களா?” என்று மட்டும் கேட்டார். கோபமா ஆச்சரியமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். இன்னும் நான்கு பேரும் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளின் நகலும் என் 11 புத்தகங்களும் மைலோ பெட்டியில் தயாராக இருக்கின்றன; புத்தகங்களை நான் வைத்திருந்தது தப்பு என்றால் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், எதிர்த்துப் பேச மாட்டேன்.

லாரி வெள்ளிக்கிழமை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை எட்டு மணியிலிருந்து உங்கள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே உள்ள பெஞ்சில் இருப்பேன். மிஸ்ஸி இரண்டு பேரும் வருகிறார்கள். கிராணி நண்பருக்கு முட்டி வலி, அவரைப் பேரன் மோட்டாரில் கொண்டுவந்து விடுவான். உங்களில் யாராவது ஸ்டோர் சாவியோடு ஒரு பத்து நிமிடம் வெளியே வந்தால் போதும். முதல் பெட்டியில் எந்தக் கார்டு வந்தாலும் சரி, அதை வைத்தே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து முன்னாள் டிரசர்